கன்னி மூலைத் தொட்டி

அந்த டெலஸ்கோப் மவுண்டின் பக்கவாட்டுத் தகட்டில் டிகிரி எண்கள் பொறித்திருக்கும். பதினொன்றுக்கு நேரே ஆணியால் கீறிய ஒரு கோடு. அண்ணன் கீறியது. மஸ்கட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்தவரை இருபத்து மூன்றில் நின்ற முள், வலங்கைமான் பக்கம் எங்கள் ஊருக்கு வந்ததும் இங்கே இறங்கியது. "நம்மூர்ல துருவ நட்சத்திரம் ரொம்பத் தாழ்வுடா. கையை நீட்டி முஷ்டி பிடிச்சா அவ்வளவு உயரந்தான்" என்பார்.

டெலஸ்கோப்பைத் தாங்கி, பூமி சுற்றுவதற்கு ஈடாக மெல்லத் திருப்பும் இயந்திரம் அது. அதன் அச்சு வட துருவத்தைக் குறிபார்த்து நிற்க வேண்டும். நூலளவு பிசகினாலும் எடுக்கும் படத்தில் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக இழுத்துவிடும். அண்ணன் தன் மொட்டை மாடியில் பழைய போர்வெல் குழாயை நட்டு, கான்கிரீட் ஊற்றி, அதன் மேல் பொருத்தினார். மழைக்குப் பயந்து ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கீழே கொண்டுபோவார். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து குறிபார்ப்பார். சுற்றிலும் தென்னை. வடக்கே என் வீட்டு மாடிக்கு மேலாக மட்டும் பத்தடி அகலத்துக்கு வானம் திறந்திருந்தது. பாகப்பிரிவினையில் அந்த வடக்கு மனையை நான்தான் அடம்பிடித்து வாங்கினேன். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

என் மூத்த மகன் கல்யாணத்துக்காக வீட்டைப் புதுப்பித்தபோது, தண்ணீர்த் தொட்டி கன்னி மூலையில்தான் வர வேண்டும், இல்லாவிட்டால் மூத்த பிள்ளைக்கு ஆகாது என்றார் கொத்தனார். தென்மேற்கு மூலை. அண்ணனின் குழாய்க்கு நேர் எதிரே. சாரம் கட்டிய அன்று அண்ணன் வந்து மணல் குவியல் பக்கத்தில் நின்றார்.

"தம்பி, எட்டடி கிழக்கே தள்ளி வச்சிக்கயேன். வேற ஒண்ணும் கேக்கல."

"எனக்கு என் புள்ள முக்கியமா, உங்க நட்சத்திரம் முக்கியமாண்ணே?" என்றேன். சித்தாள்கள் சிரித்தார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். தொட்டி எழும்பி அந்தப் பத்தடி வானத்தையும் மறைத்தது.

துருவ நட்சத்திரம் தெரியாமலும் அச்சைச் சரிசெய்யலாமாம். தெற்கிலும் கிழக்கிலும் ஒவ்வொரு நட்சத்திரத்தைப் பிடித்து, அது நகர்வதைப் பார்த்துப் பார்த்துத் திருக வேண்டும். அதற்கு அரை ராத்திரி நிற்க வேண்டும். இடுப்பு வலியோடு சில தடவை நின்று பார்த்தார். பிறகு குழாய்த் தலையில் ஒரு சாக்கைக் கட்டிவிட்டார். "என் கண்ணுல படணும்னே கட்டியிருக்காரு" என்று மனைவியிடம் எகத்தாளம் பேசினேன். நான் அப்படிப்பட்ட ஆள்.

போன ஐப்பசியில் அண்ணன் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணி மவுண்டைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார். "வடக்கை எடுத்துக்கிட்டீங்க தம்பி, இதையும் எடுத்துக்குங்க." குரலில் கோபம்கூட இல்லை. அது இருந்திருந்தால் தேவலை.

யாருக்கு ஆகாமல் போய்விடக் கூடாது என்று தொட்டி கட்டினேனோ அந்த மகன் கனடாவில் இருக்கிறான். பெரியப்பா காரியத்துக்கும் வரவில்லை. என்னோடு பேசி மூன்று வருஷமாகிறது. என்னைப் போலவே எடுத்தெறிந்து பேசுவான், குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இன்று காலை அண்ணியிடம் கேட்டுக்கொண்டு அவர்கள் மாடிக்கு ஏறினேன். சாக்கை அவிழ்த்து, மவுண்டைக் குழாயில் பொருத்தி, முள்ளை அவர் கீறிய கோட்டில் நிறுத்தினேன். குறிபார்க்கும் சின்னக் குழலில் கண்ணை வைத்தேன். வட்டம் முழுக்கக் கலங்கலாகச் சாம்பல் நிறம். திருகித் திருகிப் பார்த்தேன். என் தொட்டிதான்.

கீழே இறங்கியதும் கொத்தனாருக்குப் போன் போட்டு, தொட்டியை எட்டடி கிழக்கே தள்ள எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன்.

"ரெண்டே நாள் வேலைங்க" என்றார்.