சாய்த்து வைத்த கண்ணாடி

பன்னிரண்டாம் நம்பர் பேருந்துக்கு இரண்டு டிரைவர்கள். காலை ஷிப்ட் ஓட்டியவரை டிப்போவில் காலையார் என்பார்கள். மதியத்துக்கு மேல் வண்டியை வாங்கிக்கொள்பவர் மாலையார். பெற்றவர்கள் வைத்த பெயர்கள் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தன. இருபத்திரண்டு வருடம் ஒரே வண்டி, ஒரே சீட். ஏற்றவும் இறக்கவும் முடியாத பழங்காலத்து சீட் அது. இருவரும் ஒரே உயரம் என்பதால் தலைக்கு மேலிருந்த கண்ணாடியை யாரும் தொட வேண்டியதே இல்லை. ஒருவர் இறங்கி மற்றவர் ஏறி உட்கார்ந்தால் பின் படிக்கட்டு வரை பளிச்சென்று தெரியும்.

"எங்க வண்டியில கண்ணாடி ஸ்க்ரூ துருப்பிடிச்சே போச்சுய்யா" என்று புது ஆட்களிடம் காலையார் பீற்றிக்கொள்வார்.

எவ்வளவு நல்ல நாட்கள்! வண்டி கைமாறும் அந்தப் பத்து நிமிடம் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். மாலையார் பயணிகளைப் போல நடித்துக் காட்டுவார்; காலையாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும்.

காலையாருக்குக் கல்லீரலில் பழைய வியாதி. இளவயதில் வந்த கிருமி உள்ளேயே குடியிருந்துவிட்டது. சொட்டு மது தொடாத மனிதர். ஆனாலும் கல்லீரல் என்றதுமே பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். முதுகு வலித்தபோது, டிரைவருக்கு வலிக்காமல் வேறு யாருக்கு வலிக்கும் என்று தைலம் தேய்த்துக்கொண்டார்.

ஒருநாள் காலை கண்ணாடியில் படிக்கட்டைக் காணோம், கூரைதான் தெரிந்தது. கீழே சாய்த்து வைத்தார். மறுநாளும் கூரை.

"யோவ், கண்ணாடிய ஏன்யா மாத்துற?"

"நான் எங்கய்யா மாத்தினேன்? நீ மாத்தி வெச்சதைப் பழையபடி வெச்சேன்."

பேச்சு தடித்தது. வயசான காலத்தில் புத்தி போகிற போக்கைப் பாருங்கள், காலையார் மேனேஜரிடம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். மேனேஜர் இருவரையும் பக்கத்தில் நிறுத்தி, நாலு பேர் முன்னால் மாலையாரை வாங்கு வாங்கென்று வாங்கினார். மாலையார் பக்கத்தில் நின்ற காலையாரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அன்றோடு டீயும் போயிற்று, பேச்சும் போயிற்று.

ஆனால் மறுநாளிலிருந்து கண்ணாடி கச்சிதமாக இருந்தது. "பாத்தியா, புகார் வேலை செஞ்சிருச்சு" என்று மனைவியிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

எட்டு மாதம் கழித்து, தண்ணீர் கேனைத் தூக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள், உயரம் அளந்தார்கள்.

"கல்லீரல் நாள்பட்டுக் கெட்டா எலும்பும் மெலிஞ்சிரும்" என்றார் டாக்டர். "முதுகெலும்பு மூணு இடத்துல நசுங்கியிருக்கு. எல்லாம் நேத்து நடந்ததில்ல. பழைய மெடிக்கல் ரிப்போர்ட்டுல இருக்கற உயரத்தைவிட அஞ்சு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கீங்க. மருந்து இருக்கு. ஆனா இனிமே வண்டி ஓட்டக் கூடாது."

மருந்தெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. அஞ்சு சென்டிமீட்டர்! அப்படியானால் கூரை தெரிந்த அந்த முதல் நாள் கண்ணாடியை யாருமே மாற்றவில்லை. இந்த எட்டு மாதமாகத்தான் ஒருவன் மாற்றிக்கொண்டிருக்கிறான்.

நடக்க முடிந்ததும் இடுப்பில் பட்டையோடு டிப்போவுக்குப் போனார். மாலையார் படிக்கட்டில் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுதானே சாய்ச்சு வெச்சே?"

"மேனேஜர் ரூம்ல பக்கத்துல பக்கத்துல நின்னோமில்ல? உன் தோள் என் தோளுக்குக் கீழ இருந்துச்சு."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே! அத்தனை பேர் முன்னால திட்டு வாங்கினியே."

"உனக்கு வயசாகுதுன்னு நெனச்சேன். நீ குறைஞ்சு போயிட்டேன்னு உன் மூஞ்சிக்கு நேரா எப்படிய்யா சொல்லுவேன்?"

காலையார் அழுதேவிட்டார். மாலையார் தன் டீயை அவர் கையில் கொடுத்தார்.

"இனிமே காலையில வேற ஆளு. கண்ணாடிய உன் உசரத்துக்கே விட்டுடு" என்றார் காலையார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"சரிய்யா."

அடுத்த வாரம் புது டிரைவர் மேனேஜரிடம் ஒரு புகார் எழுதிக் கொடுத்தார். மாலை ஷிப்ட் ஓட்டுகிறவர் இறங்கும்போது தினமும் கண்ணாடியைக் கீழே சாய்த்துவிட்டுப் போகிறாராம்.