எர்த்துக்கு ஒரு குடம் தண்ணீர்

மாடு தொட்டிக்கு வர மாட்டேன் என்கிறது என்று அம்மா போனில் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. எலெக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு. மறுநாள் லேப் ரெக்கார்டு வைக்க வேண்டும். பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கல்லூரியின் பெண்கள் விடுதியில், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தேன்.

"காலைல மட்டுந்தான் கண்ணு இப்புடிப் பண்ணுது. கவுத்தப் புடிச்சு இழுத்தா நாலு காலையும் ஊனிக்கிட்டு நிக்குது. பகல்ல அவுத்து உட்டா தானாப் போயி நல்லாக் குடிக்குது."

"மாட்டு டாக்டரக் கேளும்மா. நான் படிக்கறது அந்தப் படிப்பில்ல."

"அதுஞ் சரிதான்" என்று அம்மா வைத்துவிட்டாள். நானும் மறந்துவிட்டேன்.

எங்கள் வீடு பாலக்காட்டுக்குக் கிழக்கே பெருமாட்டிப் பக்கம், தென்னந்தோப்புக்குள். வீட்டிலிருந்து மோட்டார் அறைக்குப் போகும் ஒயர்களில் ஒன்று, நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது மட்டை விழுந்து அறுந்துபோனது. அது மின்சாரம் திரும்பி வரும் ஒயர், நியூட்ரல். மூன்று ஃபேஸ் மோட்டார் அது இல்லாமலே ஓடும், ஆனால் பல்பு எரியாது. விடியுமுன் எழுந்து பால் கறக்கிற அம்மாவுக்கு மோட்டார் அறையிலும் கொட்டகையிலும் வெளிச்சம் வேண்டும். ஒயர் மாற்றிவிடலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். விடுமுறைக்கு வந்த நான், எதற்கு ஒயர், பூமிதான் இருக்கிறதே என்றேன்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இது புதிதல்ல. எர்த் என்று ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து, பல்பின் இன்னொரு முனையை அதில் கட்டிவிடுவார்கள். மின்சாரம் மண் வழியாகத் திரும்பிப் போய்விடும். பல்பு மங்கினால் கம்பியடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். மண் நனைந்ததும் வெளிச்சம் கூடும். எஞ்சினியருக்குப் படிக்கிறவள் இதைப் பார்த்துப் பதறியிருக்க வேண்டும். என் பாடப்புத்தகத்திலோ பூமியின் மின்னழுத்தம் சுழியம் என்று போட்டிருந்தது, ஈரமண் நல்லது என்றும் போட்டிருந்தது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. தோப்பிலேயே ஈரமான இடமாகத் தேடி, மாட்டுத் தொட்டிக்கு ஒரு முழம் தள்ளிக் கம்பியை அடித்தேன்.

பல்பைப் போட்டதும் வீட்டு மெயின் போர்டில், மின்கசிவு வந்தால் தானாக விழும் சுவிட்ச் விழுந்தது. தூக்கிவிட்டேன், மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை அந்தச் சுவிட்சையே தாண்டி ஒயரைக் கொடுத்தேன். எங்களைக் காப்பாற்றத்தான் அது விழுந்தது என்று இன்று எந்தக் குழந்தைக்கும் சொல்வேன். அன்று சனியன் ஒழிந்தது என்று கையைத் தட்டித் தூசியை உதறினேன். "எங்கூட்டு எஞ்சினியருங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அப்பா சொன்னார். மங்கினால் ஒரு குடம் ஊற்றம்மா என்று அம்மாவுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

மாட்டைப் பற்றிய போன் வந்த மறுநாள் மத்தியானம், ஆசிரியர் பலகையில் ஒரு புள்ளி வைத்து அதைச் சுற்றி வட்டம் வட்டமாக வரைந்தார். புள்ளி என்பது மண்ணில் மின்சாரம் இறங்கும் இடம். மண் காயக் காய அங்கே மின்னழுத்தம் ஏறும், விலகிப் போகப் போகக் குறையும். ஒரு கால் ஒரு வட்டத்திலும் மறு கால் அடுத்த வட்டத்திலும் இருந்தால், உடம்பு வழியாக மின்சாரம் பாயும். மாட்டுக்கு முன்காலும் பின்காலும் தள்ளித் தள்ளி இருப்பதால் ஆபத்து இன்னும் அதிகம் என்று சொல்லி, வட்டங்களின் மேல் ஒரு மாட்டை வரைந்தார். படம் கோணலாக இருந்ததால் வகுப்பே சிரித்தது. "மனசிலாயோ?" என்று கேட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. காலையில் மட்டும். அதாவது பல்பு எரியும்போது மட்டும். கேட்காமலே வகுப்பை விட்டு வெளியே வந்தேன்.

அம்மா போனை எடுக்கவில்லை. அதை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் அவள் தோப்புக்குள் போவாள். அப்பா தேங்காய் லோடோடு கோவிந்தாபுரம் போயிருந்தார், அவர் போனும் கிடைக்கவில்லை. பல்பு விடியற்காலையில்தானே, இப்போது பகல்தானே என்று என்னையே தேற்றிக்கொண்டு பஸ்சுக்கு நடந்தேன். கிழக்கே பார்த்தால் கோடை மழை மேகம் கருகருவென்று தரைவரை இறங்கியிருந்தது. சாயங்காலப் பால் கறக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இருட்டிக்கொண்டு வந்தால் அம்மா பல்பைப் போடுவாள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் சித்தூர் போய்ச் சேருவதற்குள் பதினாறு தடவை அழைத்தேன். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது, நான் டிரைவரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். இரண்டு மாதமாக மழை இல்லை. மண் காய்ந்திருக்கும், பல்பு மங்கும். மங்கினால் அம்மா இடுப்பில் குடத்தோடு, வெறுங்காலில், நேராக அந்தப் புள்ளிக்கே போவாள். ஒரு வருஷமாக அவளை அங்கே அனுப்பிக்கொண்டிருந்தது நான்.

வீட்டு வாசலிலிருந்தே மோட்டார் அறைப் பல்பு தெரியும். அது பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் இப்போதுதான் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். தொட்டியருகே குடம் சாய்ந்து கிடந்தது, அம்மாவைக் காணோம். உள்ளே ஓடி மெயினை இறக்கினேன்.

தோப்பு இருண்டது.

"அட, கரண்டு போயிருச்சாட்ட இருக்குது" என்று கொட்டகைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

பால் செம்போடு வெளியே வந்தவள், என்னைப் பார்த்ததும் "என்ன கண்ணு, சொல்லாமக் கொள்ளாம?" என்றாள். அவள் காலில் அப்பாவின் ரப்பர் செருப்பு. மாட்டுக் கொட்டகைக்குள் செருப்போடு நுழைந்தால் எங்களையெல்லாம் விரட்டி அடிக்கிறவள் அவள்.

"எதுக்கும்மா செருப்பு?"

"அது ஒண்ணுமில்ல. ஒரு மாசமா அந்தக் கம்பிகிட்டப் போனா காலு சுர்ருங்குது. முந்தாநேத்து முழங்கால் வரைக்கும் இழுத்துப் போட்டுருச்சு. அதான் மாட்டிக்கிட்டுப் போறேன்."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"நீ படிச்சுட்டு வந்து போட்ட கம்பி, அது தப்பா இருக்குமா? எங்காலுலதான் வாதம்னு நெனச்சுக்கிட்டேன்."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பரீட்சையில் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து, ஒரு பாடம் போனால் போகிறது என்று அம்மா என் தலையைத் தடவினாள். பிறகு எழுந்து போய்க் கம்பியைப் பிடுங்கினேன். ஒரு வருஷத் தண்ணீரில் இறுகியிருந்த மண் அதை எளிதில் விடவில்லை. வெளியே எடுத்து எறிந்த பிறகு, மாடு மெதுவாக நடந்து வந்து தொட்டியில் வாய் வைத்தது.

நான் எஞ்சினியருக்குப் படிக்கிறேன் என்பது எங்கள் வீட்டில் அந்த மாட்டுக்கு மட்டும்தான் தெரியாது. அதனால்தான் அது கிட்டே வரவில்லை.