இடைவேளைக்குப் பிறகு

ஊரிகம் என்ற சுரங்க ஊரில் மூடிக்கிடக்கும் சினிமா கொட்டகைக்கு எதிரே டீ குடிக்கிறேன். டிக்கெட் ஜன்னலுக்குள்ளிருந்து ஓர் ஆடு என்னை முறைக்கிறது. பக்கத்தில் பென்ஷன்காரர் ஒருவர். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்.

"ஒரே டிக்கெட்டுல ரெண்டு பேர் பாப்போம் சார். இன்டர்வெல் வுட்டா எனக்கு நைட் ஷிப்ட். அப்பதான் ஷிப்ட் முடிஞ்சி வர்ற பக்கத்து வூட்டு முனுசாமி கைல டிக்கெட்டைக் குடுத்துட்டு ஓடுவேன். க்ளைமாக்ஸைக் காலைல அவன் சொல்லுவான்."

அந்தப் படங்களை இப்போது போனில் முழுசாகப் பார்க்கிறாராம்.

"அவன் சொன்னது ஒண்ணுகூடப் படத்துல இல்ல சார். வேலை செஞ்ச அலுப்புல உள்ள போயி நல்லாத் தூங்கிக்கினு இருந்திருக்கான்!"

"அவர்மேல கோவமா?"

"அவன்மேல இன்னாத்துக்கு? படம் எடுத்தவன் மேலதான். முனுசாமி எவ்ளோ நல்லா முடிச்சிருந்தான்!"