ஏழாவது சரணம்

மெரெட்டேயும் நானும் ஒரே டிப்போவில் பஸ் ஓட்டுகிறோம்; அடுத்தடுத்த வீடு. ஒரு பனிக்காலத்தில் அவள் பஸ் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு சறுக்கி, பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து தினமும் வண்டி எடுக்குமுன் அவளுக்குக் கை நடுங்கும், வாந்தி வரும். இதை ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லி அழுதாள். கணவன் ஃப்ளெமிங்கிடம்.

அந்தப் படுபாவி அதைப் பாட்டாக்கினான்.

இருபத்தைந்தாவது கல்யாண நாள் என்றால் டென்மார்க்கில் பாட்டில்லாமல் நடக்காது. தெரிந்த மெட்டில் தம்பதியைக் கேலி செய்து நண்பர்கள் எழுதுவார்கள். ஆளுக்கொரு தாள் அச்சடித்துக் கொடுப்பார்கள். இவன் தானே எழுதினான். ஏழாவது சரணத்தில் மெரெட்டே மடியில் வாந்தி வாளியை வைத்துக்கொண்டு பஸ் ஓட்டினாள். எண்பது பேர் வாய்விட்டுப் பாடினோம். நானும்தான்.

உடனே எல்லோரும் தட்டில் தாளம் போட்டார்கள். தட்டினால் தம்பதி நாற்காலிமேல் ஏறி முத்தமிட வேண்டும். ஏறினாள், கொடுத்தாள். பிறகு தரையை உதைத்தார்கள்; அதற்கு மேசைக்கு அடியில் போய் முத்தமிட வேண்டும். பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது.

"அது உன்கிட்ட மட்டும் சொன்னதுதானே?"

"அட, சும்மா தமாஷுக்கு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே, எல்லாரும் பார்க்கறாங்க."

முன்பெல்லாம் அந்த வீட்டில் கத்தல் கேட்கும், அரை மணியில் சிரிப்பும் கேட்கும். அதன்பின் இரண்டுமே இல்லை. எதற்கும் 'சரி' என்பாள். ஃப்ளெமிங்குக்கு அதில் பெருமை வேறு; என்னிடமே சொன்னான்.

"மூணு வருஷமா எங்க வீட்டுல சண்டைன்னு ஒண்ணு கிடையாது ஊலா! பொண்டாட்டியைச் சமாளிக்கத் தெரியணும்."

தூ! சுடுகாட்டிலும்தான் சண்டை கிடையாது. அவள் மெலிந்துகொண்டே போனது அவன் கண்ணில் படவே இல்லை.

போன வாரம் மெரெட்டே என்னை ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரச் சொன்னாள். பரிசோதனைக்குப் பின் கார் ஓட்டக்கூடாதாம், அதற்காக மட்டும். என்ன நோய் என்று சொல்லவில்லை. நர்ஸ் தாளும் பேனாவுமாக வந்தாள்.

"ரிசல்ட் வந்தா உங்களைத் தவிர வேற யாருக்குச் சொல்லணும்? வீட்டுக்காரர் பேர் போடட்டுமா?"

"வேண்டாம்."

"என் பேரைப் போட்டுக்கோங்க" என்றேன்.

மெரெட்டே கோபமே இல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேண்டாம் ஊலா. நீயும் நல்லாத்தானே பாடினே?"