உடைந்த ரிங்கு

மலாயாவில், அம்பாங்கில் ஓர் ஈயச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் டீசல் என்ஜினைப் பிரித்தபோது, எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று முடிவு செய்தவன் நான். பிஸ்டனைத் திரும்பப் போடலாம், அதைச் சுற்றி வளையமாக மாட்டியிருந்த தேய்ந்த ரிங்குகள் நான்கையும் மாற்றியே ஆகவேண்டும் என்றேன். கப்பலில் புது ரிங்குகள் வந்தன. மாட்டும்போது அவசரத்தில் ஒன்றை அதிகமாக விரித்துவிட்டேன். கையிலேயே உடைந்தது. யாரும் பார்க்கவில்லை. நானே கழித்துப்போட்ட பழைய ரிங்கு ஒன்றை எடுத்து அந்த இடத்தில் மாட்டினேன்.

என்ஜின் ஓடியது; ஆனால் இழுவை இல்லை, புகை கக்கியது. வால்வுகளைத் தேய்த்துப் பொருத்திய என் கூட்டாளியைத் துரை எல்லார் முன்னாலும் திட்டினார். அவர் இரண்டு நாள் தலை நிமிராமல் அதே வால்வுகளை மறுபடி தேய்த்தார். நான் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அவரே பிஸ்டனை வெளியே எடுத்தார். ஒரு ரிங்கு மட்டும் மெலிந்து கறுத்திருந்தது.

"புதுசு ஒடஞ்சிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா, அண்ணே," என்றார்.

துரையிடம் ரிங்கு சரியில்லை என்று மட்டும் சொல்லி வேறு வரவழைத்தார். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை. அதற்கப்புறம் அவர் என்னோடு சாப்பிட உட்காரவே இல்லை. கூப்பிட எனக்கும் முகமில்லை.