சிவப்பு வளையலுக்குள் ஒரு முகம்

கனடாவில் இருக்கும் என் மகள் போன வாரம் போனில் ஒரு புதுச் சங்கதி சொன்னாள். அங்கே ஒரு டிவி சேனல் இருக்கிறதாம். விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை கொலை, களவு, கோர்ட்டு, இவ்வளவுதானாம். "முதல்ல அது வேற என்னமோ சேனலா இருந்துச்சாம்மா. பொறவு பேரை மாத்தி இப்படி ஆக்கிட்டாங்களாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைச் சொல்லவா அத்தனை தூரத்திலிருந்து கூப்பிட்டாய் என்று கேட்டேன். அவள் பாவாடை சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போன காலத்தில், இராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில், அவள் அப்பாவும் நானும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரர் கல்யாண வீடியோ எடுப்பவர். ஊருக்குள் டிஷ் ஆண்டெனா வந்ததும், மொட்டை மாடியில் ஒன்றை நிறுத்தி, தெருத்தெருவாக ஒயர் இழுத்து, கேபிள்காரர் ஆகிவிட்டார். எங்களுக்கென்று ஒரு லோக்கல் சேனல். அதில் போட எங்களிடம் இருந்தது கல்யாண கேசட்தான், அதையே போட்டோம். ஊரும் சலிக்காமல் பார்த்தது. எந்த மாப்பிள்ளை முழிக்கிறான், எந்தச் சம்பந்தி முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று மறுநாள் கடைத்தெருவில் பேச்சு நடக்கும்.

அந்த வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தை இவர் படம் பிடித்து வந்தார். வடம் பிடிக்கிற கூட்டத்துக்குள் ஒருத்தன் ஒரு அம்மாவின் சங்கிலியை வெகு நிதானமாகக் கழற்றுவது அதில் பதிந்திருந்தது. தெரியாமல் போட்டுவிட்டோம். அன்றைக்குப் பூராவும் போன் ஓயவில்லை. "தேரு கெடக்கட்டும், சங்கிலி கழட்டுனதை இன்னொருக்கப் போடுங்க" என்றார்கள். ஆண்டாள் தாயார் மன்னிக்க வேண்டும், எங்கள் சனங்களுக்குத் தேரைவிடத் திருடனைத்தான் பிடித்திருந்தது.

அப்படித்தான் திங்கட்கிழமை சாயங்காலம் அரைமணி நேரக் குற்றச் செய்தி ஆரம்பித்தது. இவர் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய் விவரம் கேட்டு எழுதி வருவார், நான் வாசிப்பேன். முகம் காட்ட மாட்டேன், குரல் மட்டும். எனக்குக் கரகரத்த குரல். திட்டுவதற்கென்றே செய்த குரல் என்பார் இவர். செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் கேசட் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போகும். அங்கிருக்கிற கேபிள்காரர் அன்றைக்குச் சாயங்காலம் அதைப் போடுவார்.

பிடிபட்ட ஆளின் முகத்துக்கு எங்கே போவது? ஸ்டேஷனில் கேமராவை எடுத்தாலே விரட்டுவார்கள். அதற்கும் கல்யாண கேசட்தான் கை கொடுத்தது. ஊரில் எவனாவது எந்தப் பந்தியிலாவது உட்கார்ந்து சாப்பிட்டிருப்பான் இல்லையா? அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, டிவிக் கண்ணாடியில் அவன் முகத்தைச் சுற்றி என் சிவப்புக் கண்ணாடி வளையலை ஒட்டி, அப்படியே கேமராவால் எடுத்துவிடுவோம். ஆக, எங்கள் ஊர்க் குற்றவாளிகள் எல்லாருமே இலையில் சோறு பிசைந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை, பேண்டேஜ் துணி பண்டல் திருடியதாக ஒருத்தனைப் பிடித்திருந்தார்கள். கேசட்டைத் தேடி எடுத்து நிறுத்திவிட்டு, "ஏட்டி, சந்தனம் வச்சிருக்கான்லா, அவந்தான், ஒட்டு" என்று சொல்லிவிட்டு இவர் கேமராவை எடுக்கப் போனார். கல்யாணப் பந்தியில் சந்தனம் வைக்காதவன் யார்? நானும் கேட்கவில்லை. சந்தனம் பளிச்சென்று தெரிந்த ஒரு முகத்தில் ஒட்டினேன். இவரும் சரி பார்க்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே, அந்த மெத்தனம்.

மறுநாள் காலையில் அந்த முகம் எங்கள் மாடிப்படி ஏறி வந்தது. செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு வந்திருந்தார். தறி ஓட்டுகிறவராம்.

"டிவில பேசுத அம்மா நீங்கதானா தாயி? நேத்து வளையலுக்குள்ள இருந்தது நாந்தான். நான் யாரு பொருளையும் தொட்டதில்ல. வெள்ளிக்கெழமை எம்மவளுக்கு நிச்சயம் வச்சிருக்கு. மாப்பிள்ளை வீடு ஸ்ரீவில்லிபுத்தூரு. அவிய பாத்துட்டா எம்பிள்ளை கல்யாணம் அம்புட்டுத்தான்."

சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கேசட் ஏற்கெனவே பஸ் ஏறியிருந்தது.

"செத்த நேரம் இருங்க அண்ணாச்சி, இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு, கட்டியிருந்த சேலையோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அன்றைக்கென்று பார்த்து டிரைவர் மாட்டு வண்டி மாதிரி ஓட்டினார். அவரையும் திட்டினேன், மனசுக்குள்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் கேபிள்காரர் கேசட்டை மேசைமேல் வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். "ஏன் மயினி, இந்த வாரம் ஊர்ல எல்லாரும் நல்லவனாயிட்டாங்களா?" என்று கேட்டார். திரும்புகிற பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. அன்றைக்கே தப்பை ஒத்துக்கொண்டு வாசிக்க வேண்டும் என்றேன். "ஒரு தடவை தப்புன்னு சொன்னா, பொறவு நாம சொல்லுத எதையும் எவனும் நம்ப மாட்டான்" என்றார் இவர். நம்பாமலே போகட்டும் என்றேன். ஜெயித்தது நான்தான். அன்று சாயங்காலம், படத்தில் இருப்பவர் திருடர் இல்லை, நாங்கள்தான் தவறினோம், மன்னிக்க வேண்டும் என்று வாசித்தேன். யாரைச் சொல்கிறோம் என்று தெரிய வேண்டாமா என்று இவர் அதே படத்தை, அதே வளையலோடு, வாசித்து முடிக்கும்வரை காட்டினார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

புதன்கிழமை காலையில் அந்த அண்ணாச்சி மறுபடியும் வந்தார். இந்தத் தடவை படியேறக்கூட இல்லை.

"என்ன தாயி இப்படிப் பண்ணிட்டீக? நான் ரெண்டாவது களவும் பண்ணிட்டேன்னு தெருவே பேசுது."

விஷயம் இதுதான். அவர் இருந்தது தறித் தெரு. வீட்டுக்கு வீடு தறி ஓடும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே காதில் விழாது, டிவி எங்கே கேட்கும்? அங்கே எல்லாரும் படத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். இத்தனை நாளும் என் குரலுக்கு ஊரே நடுங்குகிறது என்று நினைத்திருந்தேன். வளையல் இருந்தால் களவு, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. நான் கேட்ட மன்னிப்பு அவரை இரண்டாம் தடவை திருடனாக்கியிருந்தது. தெருக்காரர் யாரோ மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லிவிட, "தெருவுல நாலு பேரை விசாரிச்சிட்டு வெள்ளிக்கெழமைக்கு வாரோம்" என்று அவர்களிடமிருந்து ஆள் வந்துவிட்டது.

அன்றைக்கு நான் சமைக்கவில்லை. இவர் எங்கேயாவது போய்ச் சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டுத் தறித் தெருவுக்கு நடந்தேன். ஒவ்வொரு வீடாக ஏறி, கையைக் காட்டித் தறியை நிறுத்தச் சொல்லி, "டிவில பேசுறது நாந்தான், அந்த அண்ணாச்சி எதையும் எடுக்கல, வளையலை ஒட்டுனது நான், என் தப்பு" என்றேன். "நீ யாரு, உன் குரலை நாங்க கேட்டதே இல்லையே" என்றார்கள் சிலர். வளையலைக் கழற்றிக் காட்டினேன். ஒரு அம்மா, "அது நல்ல வளையல்தான், உனக்குத்தான் கண்ணு நல்லா இல்ல" என்றாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன். தறி நின்றால் துணி நிற்கும், அதற்கும் சேர்த்துத் திட்டினார்கள். அன்றைக்குப் பாதித் தெரு, வியாழக்கிழமை மீதி.

வியாழக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து தெருவில் விசாரித்தார். கேட்ட வீட்டில் எல்லாம், ஒரு பொம்பளை வந்து வேலையைக் கெடுத்து, அந்த மனுஷன் நல்லவர் என்று கத்திவிட்டுப் போனதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாளைக்கு நிச்சயத் தட்டோடு வருகிறோம் என்று தெருக்காரர்களிடம் சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார்.

அதை நேரில் சொல்லத்தான் அண்ணாச்சி வீட்டு வாசலுக்குப் போனேன். நான் ஒரு பரிசைக் கொடுக்க வந்தவள் மாதிரி நின்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்படியா என்று கேட்டுக்கொண்டார். பிறகு கதவைப் பாதி சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எல்லா வீட்டுக்கும் போயிட்டீக தாயி. எங்க வீட்டுக்கு மட்டும் வரலையே. மூணு நாளா எம்பொஞ்சாதி எங்கிட்ட முகங்குடுத்துப் பேசல. எடுத்திருந்தா சொல்லிருங்கன்னு மட்டும் கேக்கா. உள்ள வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

உள்ளே போனேன். கல்யாண வயதில் மகள் இருக்கும் அளவுக்கு அவரோடு வாழ்ந்தவளிடம், மூன்று நாளாக மட்டுமே அவரைத் தெரிந்த நான், உங்கள் வீட்டுக்காரர் திருடர் இல்லை என்று சொன்னேன்.