ஜாங்கிரிக்கு எண்ணெய்க் குளியல்

எங்கள் வீட்டில் எந்த நோய்க்கும் ஒரே காரணம்தான், சூடு. கண் எரிந்தால் சூடு, முகத்தில் பரு வந்தால் சூடு, கணக்கில் மதிப்பெண் குறைந்தால் அது மூளைச் சூடு. அம்மாவிடம் இருந்த மருந்தும் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை எனக்கும் அம்மாவுக்கும், சனிக்கிழமை அப்பாவுக்கும், காய்ச்சிய நல்லெண்ணெய் தலையில் இறங்கும். நான் ஒன்பதாவது படித்தபோது, காலாண்டுத் தேர்வு நேரத்தில் ஜாங்கிரி காதையும் வயிற்றையும் ஓயாமல் சொறியத் தொடங்கியது. எனக்கு வேறு சந்தேகமே வரவில்லை. ஜாங்கிரி ஆண் நாய், ஆகவே சனிக்கிழமை என்று முடிவு செய்துவிட்டேன்.

ஜாங்கிரியைக் கொண்டுவந்தது மாமா, அம்மாவின் தம்பி. திருநின்றவூரில் அவர் வீடு கட்டிக்கொண்டிருந்தபோது மணல் குவியலில் கிடந்த குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்து, ஆவடியில் இருந்த எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எடுத்துவந்தார். நெஞ்சிலிருந்து வால்வரை ஒரே பழுப்பு நிறம். வால் மட்டும் சுருண்டிருந்ததால் நான் அந்தப் பேரை வைத்தேன்.

அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். எதையும் விதிமுறையோடுதான் அனுமதிப்பார். "நாய் உன்னோடது. குரைச்சாலும் உன்னோடது, வெளிக்குப் போனாலும் உன்னோடது. குவார்ட்டர்ஸ்ல ஒருத்தர் வந்து ஒரு வார்த்தை சொன்னா, அன்னைக்கே மாமா வீட்டுக்குப் போயிடும்" என்றார். தின்கிற பண்டத்தின் பேரைச் சொல்லி நாயைக் கூப்பிட மாட்டேன் என்று அதையும் ஒரு விதியாக்கிவிட்டார். அவர் கூப்பிடுவதெல்லாம் 'ஏய்' என்றுதான். அதற்கும் அது வாலாட்டிக்கொண்டு ஓடும்.

நான் விடிகாலையில் எழுந்து, பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் அதை நடத்திக்கொண்டு போவேன். ஒரு கையில் சங்கிலி, மறு கையில் பழைய செய்தித்தாளும் பிளாஸ்டிக் பையும். அது உட்கார்ந்த இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு, எதிரில் வகுப்புத் தோழிகள் யாரும் வந்துவிடக் கூடாதே என்று பதறிக்கொண்டே திரும்புவேன். பள்ளிக்கு அடிக்கடி தாமதம்தான். பதிலுக்கு ஜாங்கிரி எனக்கு என்ன செய்தது? நான் வரலாறு மனப்பாடம் செய்யும்போது என் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்ளும். தப்பாகச் சொன்னாலும் அதே மரியாதையோடு கேட்கும். எங்கள் வீட்டில் என் மதிப்பெண்ணை விசாரிக்காத ஒரே ஜீவன் அதுதான். அதற்காக எத்தனை செய்தித்தாள் வேண்டுமானாலும் மடிக்கலாம் என்று இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு கொல்லைப் பக்கம் உட்கார்ந்தேன். கழுத்துப் பட்டை வீணாகிவிடுமே என்று கழற்றி ஓரமாக வைத்தேன். வெறிநாய் ஊசி போட்டதற்கு அடையாளமாகத் தந்த வில்லை அந்தப் பட்டையில்தான் தொங்கியது. உச்சி முதல் வால்வரை நன்றாகத் தேய்த்தேன். ஜாங்கிரி முதலில் ரசித்தது, பிறகு தன்னையே நக்கிப் பார்த்தது, சீயக்காயைக் கண்டதும் எழுந்துகொண்டது. கழுத்தைப் பிடித்தேன், வழுக்கியது. காலைப் பிடித்தேன், அதுவும் வழுக்கியது. முழு நாயையும் கட்டிப் பிடித்தேன். என் சட்டையெல்லாம் எண்ணெய் ஆனதுதான் மிச்சம். சிலிண்டர்க்காரர் திறந்து போட்டுவிட்டுப் போன கேட் வழியாக அது பாய்ந்து ஓடிவிட்டது.

ஓடினால் என்ன, பசித்தால் வரும் என்று நினைத்துக்கொண்டுதான் தெருவில் இறங்கினேன். எதிர் வீட்டு அக்கா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். "உங்க நாயைக் கட்டிப் போட்டுட்டியா? நாய் வண்டி வந்திருக்கு. ரெண்டு தெரு தள்ளி வலை போட்டுப் பிடிக்கிறாங்க" என்றார். பட்டை இல்லாத நாய் அவர்களுக்குத் தெருநாய். ஜாங்கிரியை நானே என் கையால் தெருநாயாக்கி அனுப்பியிருந்தேன். ஏரிக்கரை வரைக்கும் கத்திக்கொண்டே ஓடினேன். அதற்குள் வண்டி போய்விட்டிருந்தது.

வண்டியில் போன நாய்களைப் பற்றி எங்கள் வகுப்பில் பல கதைகள் உண்டு. அறுவை சிகிச்சை செய்து கொண்டுவந்து விடுவார்கள் என்று பாடப் புத்தகம் மாதிரிச் சொல்கிறவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். மற்றவர்கள் சொன்னதை இப்போது எழுதக்கூட மனம் வரவில்லை. அன்று அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பாவிடம் அம்மாதான் விஷயத்தைச் சொன்னாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "போனது போகட்டும். திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. அவளைப் போய்ப் படிக்கச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். எண்ணெய் தேய்த்துக்கொள்ளாமல் வெறும் தண்ணீரில் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது என்று முடிவு கட்டினேன். அன்று கணக்குப் புத்தகத்தில் ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை. வாசலில் சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்து ஓடினேன்.

மறுநாள் ஞாயிறு. ஓவர்டைம் இருக்கிறது என்று அப்பா காலையிலேயே கிளம்பிப் போய்விட்டார். நான் அழுது அழுது மாமாவுக்கு ஃபோன் செய்தேன். அவர் யார் யாரிடமோ விசாரித்து, பிடித்த நாய்களை வைத்திருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு, சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு பைக்கில் வந்தார். கழுத்துப் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு பின்னால் ஏறினேன்.

உள்ளே நுழைந்ததும் அத்தனை நாய்களும் ஒரே நேரத்தில் குரைத்தன. வரிசையாகக் கூண்டுகள். அங்கே வேலை பார்த்த அண்ணன் ஒருவர் கையில் வாளியோடு வந்தார்.

"இன்னா கலரு பாப்பா?"

"பிரௌன்."

"இங்க அல்லாமே பிரௌன்தான் கீது. வேற எதுனா அடையாளம் சொல்லு."

ஜாங்கிரி ஜாங்கிரி என்று கூண்டு கூண்டாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. எல்லா முகமும் ஜாங்கிரி மாதிரி இருந்தது, எதுவும் ஜாங்கிரியாக இல்லை. கடைசியில் வேறு வழி தெரியாமல், வெட்கத்தை விட்டு, "எண்ணெய் தேய்ச்சு விட்டிருந்தேன்" என்றேன்.

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். "அட, அது உன் வேலையா? வலைல புடிச்சாக்கூட வழுக்கினு போச்சு. உள்ள உட்டா மத்த நாய்ங்க அல்லாம் அத்தயே நக்கிகினு கீது. அதான் பின்னாடி தனியா போட்டு வச்சிருக்கோம். வா வா."

கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கூண்டில், உடம்பெல்லாம் மண் ஒட்டி, ஜாங்கிரி உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கம்பியில் முட்டிக்கொண்டு ஊளையிட்டது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வில்லையைப் பார்த்துவிட்டு அந்த அண்ணன் பூட்டைத் திறந்தார். திறந்துகொண்டே மாமாவிடம் சொன்னார்: "நீங்க பரவால்ல அண்ணாத்தே. காலைல ஒரு பெரியவரு வந்தாரு. நாய் பேரு இன்னான்னு கேட்டா வாயத் தொறக்கல. கூண்டுக்குக் கூண்டு நின்னு 'ஏய், ஏய்'னு கூப்ட்டாரு. அல்லா நாயும் வாலாட்டிகினு வந்துச்சு. அதுல ஒண்ண தன் நாய்னு நெனச்சு கைய உள்ள உட்டாரு. புடிச்சிகிச்சு. ரத்தம் சொட்டச் சொட்டப் போனாரு, பாவம்."

நானும் மாமாவும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எங்கள் இருவருக்கும் நடுவில் ஜாங்கிரி, மூன்று பேர் மேலும் மண்ணும் எண்ணெயும்.

சாயங்காலம் டிபனுக்கு உப்புமா. அப்பா வலது கையில் கட்டுப் போட்டிருந்தார். தொழிற்சாலையில் தகடு கிழித்துவிட்டதாம். ஸ்பூனைக் கண்டாலே பிடிக்காதவர், அன்று இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார். ஜாங்கிரி அவர் காலடியில் படுத்திருந்தது, அவரும் துரத்தவில்லை. எனக்கிருந்த சந்தோஷத்தில் காலையில் வந்த அந்த ஆளின் கதையை நடித்தே காட்டினேன். கூண்டுக்குக் கூண்டு நின்று 'ஏய், ஏய்' என்றேன். கையை விட்டு, வெடுக்கென்று இழுத்து, உதறினேன். சொந்த நாயை அடையாளம் தெரியாத ஒரு மனுஷன் இருப்பானா என்று கேட்டேன். அம்மா புரையேறச் சிரித்தாள். மாமா மட்டும் அப்பாவின் கையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். மேஜைக்கு அடியில் என் காலை ஏன் மிதித்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பா அதற்குப் பிறகு இடைவெளி விட்டு இடைவெளி விட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். "தகடு கிழிச்சதுக்கு இத்தனை ஊசியா?" என்று அம்மா கேட்டாள். "கவர்மென்ட் தகடு, அப்படித்தான்" என்றார். நாய்க்கடி என்று தெரிந்திருந்தால் அம்மா அன்றைக்கே எந்த நாயையும் வீட்டுக்குள் வைத்திருக்க மாட்டாள். இது எனக்குத் தோன்றப் பல வருடங்கள் ஆயின. வேலப்பன்சாவடியில் கல்லூரி படித்தபோது பஸ் நிறுத்தத்தில் ஒரு நாய் என் கெண்டைக்காலைக் கவ்வியது. ஊசி போட்ட டாக்டர், இன்னும் எந்தெந்த நாள் வர வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, அப்பா ஊசிக்குப் போய்வந்த நாட்களை விரல்விட்டு எண்ணினேன்.

அன்று உப்புமாவுக்கு நடுவில், நான் சிரித்து ஓய்ந்த பிறகு, அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்த ஆளைக் கடிச்ச நாய்க்கு ஊசி போட்டிருந்தாங்களாமா?"

"அதெல்லாம் யாருக்குப்பா தெரியும்?" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி உப்புமா போட்டுக்கொண்டேன்.